'டோன்ட் ஹோல்ட் யுவர் பிரெத்': புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

இங்கிலாந்துக்கு வந்த முதல் நவம்பரில் வாடகை வீட்டு பாய்லர் நின்றுபோனது. இங்கே பாய்லர் நின்றால் குழாயில் வெந்நீரும் வராது, அறையில் சூடும் இருக்காது. இரண்டும் சுவரில் மாட்டியிருக்கும் அந்த ஒரே வெள்ளைப் பெட்டியிலிருந்து வருபவை. வீட்டை வாடகைக்கு விட்ட ஏஜென்சிக்குப் போன் செய்தேன். "இரண்டு நாளில் ஆள் வருவார்" என்றார்கள்.

மறுநாள் அலுவலகத்தில் டீ போடும் இடத்தில் பக்கத்து மேசைக்காரரிடம் இதைச் சொன்னேன். அறுபதைத் தொட்ட யார்க்‌ஷயர்க்காரர். கோப்பையில் டீப்பையைக் கரண்டியால் அழுத்திக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல், "டூ டேஸ்? ஐ வுடுன்ட் ஹோல்ட் மை பிரெத்" என்றார்.

நான் "தேங்க் யூ" என்றேன்.

எனக்கு விளங்கியது இவ்வளவுதான்: 'நானாக இருந்தால் இதுக்கெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு அலட்டிக்கொள்ள மாட்டேன்.' ஆறுதல் சொல்கிறார் மனுஷன், ரெண்டு நாள்தானே, பொறுத்துக்கொள் என்கிறார் என்று நினைத்தேன். அவர் ஒரு கணம் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு டீயை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஆள் வந்தது ஒன்பதாம் நாள். அதுவரை கடையில் தரை துடைக்கும் வாளி ஒன்றை வாங்கி, மூன்று கெட்டில் கொதிநீர், மீதிக்குக் குழாய்த் தண்ணீர் என்று கலந்து, டீக்கோப்பையால் மொண்டு குளித்தேன். ஈஸ்ட் ஹாமில் பல வருஷமாக இருக்கும் பெரியப்பா மகனிடம் போனில் புலம்பினேன். பக்கத்து மேசைக்காரர் சொன்னதையும் சொன்னேன். அண்ணன் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

"ஏண்டா, அவர் என்ன உனக்கு மூச்சுப் பயிற்சியா சொல்லிக் குடுத்தார்? அவனுங்களை நம்பி உக்காந்திருக்காதேன்னு சொல்லியிருக்கார்டா."

"அதை நேரா சொல்ல வேண்டியதுதானேண்ணா?"

"நேரா சொல்லிட்டா அப்புறம் அவர் என்னடா இங்கிலீஷ்காரர்?"

பள்ளியில் ஆங்கிலம் படித்து, இலக்கணத்தில் நல்ல மார்க் வாங்கி, புதிதாக ஆங்கிலேயர்களோடு வேலைக்குச் சேருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சென்னையில் உட்கார்ந்து லண்டன் வாடிக்கையாளரோடு போனில் பேசுகிறவர்களுக்கும் இது பொருந்தும். அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இதே தொடர் புழங்குகிறது. ஆனால் நான் பட்டது இங்கே என்பதால், சொல்வது பெரும்பாலும் இங்கத்திய வழக்கு.

முதல் படி: தமிழ் மூச்சை மறந்துவிடுங்கள்

நம் குழப்பத்துக்குக் காரணம் ஆங்கிலம் தெரியாதது கிடையாது. தமிழ் தெரிந்திருப்பதுதான். தமிழில் மூச்சைப் பிடித்தால் அது முயற்சி. மூச்சைப் பிடித்துக்கொண்டு மூட்டை தூக்குகிறோம். தம் கட்டிப் பாடுகிறோம். மூச்சு முட்ட வேலை செய்கிறோம். போதாக்குறைக்கு, "யார்கிட்டயும் மூச்சு விடாதே" என்றால் ரகசியம் காப்பாற்று என்று பொருள். இத்தனையையும் தலையில் வைத்துக்கொண்டு 'மூச்சைப் பிடிக்காதே' என்பதைக் கேட்டால், 'ரொம்பச் சிரமப்படாதே' என்றோ, 'தாராளமாக வெளியே சொல்' என்றோ விளங்கினால் ஆச்சரியமில்லை.

காத்திருப்பதை நாம் கண்ணில் வைத்திருக்கிறோம். வழிமேல் விழி வைக்கிறோம். பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போகிறது. எதிர்பார்ப்பு என்ற சொல்லிலேயே பார்வை இருக்கிறது. ஆங்கிலத்திலும் பாதி அப்படித்தான். 'எக்ஸ்பெக்ட்' என்பதன் லத்தீன் மூலத்துக்கு வெளியே நோக்குதல் என்று பொருள். கடிதத்தின் அடியில் எழுதும் 'லுக்கிங் ஃபார்வர்டு' என்பதிலும் பார்வைதான் இருக்கிறது.

இந்தத் தொடர் மட்டும் கண்ணை விட்டுவிட்டு நெஞ்சுக்குப் போகிறது. கடைசிப் பந்தில் ஆறு ரன் வேண்டும், பந்து வானத்தில் இருக்கிறது, எல்லைக்கோட்டில் ஒருவன் கையை விரித்துக்கொண்டு நிற்கிறான். அந்த இரண்டு நொடியில் நாம் மூச்சு விடுவதில்லை. முடிவு இதோ வந்துவிடும் என்று உடம்புக்குத் தெரிவதால்தான் மூச்சை நிறுத்துகிறது. அப்படி நிறுத்திக்கொண்டு காத்திருக்காதே, இது அந்த மாதிரி இப்போதே வரப்போகிற விஷயமில்லை என்பதுதான் தொடரின் உள்ளே இருக்கும் படம்.

சாதாரண ஆளுக்கு ஒரு நிமிஷத்துக்கு மேல் மூச்சைப் பிடிப்பது கஷ்டம். பிரான்சின் ஸ்டெஃபான் மிஃப்சூட் 2009இல் தண்ணீருக்குள் அசையாமல் 11 நிமிடம் 35 விநாடி அடக்கிச் சாதனை செய்தார். அவராலும் என் பாய்லர்காரர் வரும்வரை தாக்குப்பிடித்திருக்க முடியாது. தொடரின் கிண்டல் இந்த மிகையில் இருக்கிறது. 'இதுக்காக மூச்சைப் பிடித்தால் செத்துப்போவாய்' என்பதைச் சொல்லாமல் சொல்வது.

லேசாக எடுத்துக்கொண்டால் 'தாமதமாகும்' என்று பொருள். புழக்கத்தில் அதற்குமேல் ஒரு படி: 'அநேகமாக நடக்கவே நடக்காது.' இரண்டில் எது என்பதை ஆளையும் இடத்தையும் வைத்து ஊகிக்க வேண்டும். எதைப் பற்றிச் சொன்னாலும், சொல்கிறவருக்கு அந்த வாக்குறுதியில் நம்பிக்கை இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

இரண்டாம் படி: மூன்று வடிவங்களையும் தனித்தனியாகக் கேட்டுப் பழகுங்கள்

பாடப்புத்தகங்கள் ஒரு வடிவத்தைத்தான் தரும். காதில் விழுவது மூன்று. மூன்றுக்கும் சூடு வேறு.

'டோன்ட் ஹோல்ட் யுவர் பிரெத்.' இது உங்களைப் பார்த்துச் சொல்வது, மூன்றில் காரமானது. நெருங்கிய சிநேகிதர்கள், கூட வேலை செய்பவர்கள், கணவன் மனைவி இவர்களிடையே சகஜம். "வெள்ளிக்கிழமை சம்பள உயர்வுக் கடிதம் வருமாமே?" "டோன்ட் ஹோல்ட் யுவர் பிரெத்." நம் ஊரில் "ஆமா, வந்துட்டுத்தான் மறுவேலை" என்பார்களே, அந்த மாதிரி.

'ஐ வுடுன்ட் ஹோல்ட் மை பிரெத்.' நானாக இருந்தால் பிடிக்க மாட்டேன். இது மரியாதையான வடிவம். உனக்குப் புத்தி சொல்லவில்லை, என் கதையைச் சொல்கிறேன் என்ற பாவனை. முன்பின் பழக்கமில்லாதவர்கூட இதைச் சொல்லலாம். பஸ் நிறுத்தத்தில் அட்டவணையைப் பார்த்துக்கொண்டு நிற்கிற உங்களிடம் பக்கத்தில் நிற்கும் பாட்டி சொல்வது அநேகமாக இதுவாக இருக்கும். மென்மையாக இருப்பதால் அர்த்தமும் லேசானது என்று நான் எடுத்துக்கொண்டேன், ஒன்பது நாள் குளிரில் கிடந்தேன். இங்கே மரியாதை கூடக்கூட அவநம்பிக்கையும் கூடுகிறது என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தவறாது.

'ஐம் நாட் ஹோல்டிங் மை பிரெத்.' நான் பிடித்துக்கொண்டு உட்காரவில்லை. இது தன்னைப் பற்றியது. யாரையும் புண்படுத்தாது. புதிதாக வருகிறவர் முதலில் வாயில் எடுக்க வேண்டிய வடிவம் இது. "லாட்டரி வாங்கினீர்களா?" "வாங்கினேன், பட் ஐம் நாட் ஹோல்டிங் மை பிரெத்." ஒரு வாரம் இதை மட்டும் பயன்படுத்துங்கள். பேச்சுப்பொருள் ரயிலாக, மழையாக, அலுவலக லிஃப்டாக இருக்கட்டும்.

தனியாக நிற்பதைவிட இன்னொரு வாக்கியத்தின் வாலாக வருவதும் அதிகம். 'தே செட் ஃப்ரைடே, பட் டோன்ட் ஹோல்ட் யுவர் பிரெத்.' வெள்ளிக்கிழமை என்றார்கள், ஆனால் நம்பாதே. அந்த 'பட்' காதில் விழுந்ததும் உஷாராகிவிடுங்கள். அதற்கு முன்னால் சொன்ன தேதி அங்கேயே செல்லாக்காசாகிவிட்டது.

மூன்றாம் படி: முகத்தைப் பார்க்காதீர்கள்

நாம் கிண்டல் செய்தால் முகத்தில் தெரியும். புருவம் ஏறும், உதடு கோணும். வடிவேலு பார்த்து வளர்ந்த கூட்டம் நாம். இங்கே இதைச் சொல்பவர் வானிலை அறிக்கை வாசிப்பது போல முகத்தை வைத்துக்கொண்டு சொல்வார். சிரிப்பு வராது, கண்சிமிட்டல் கிடையாது. 'பிரெத்' என்ற கடைசிச் சொல்லில் அழுத்தம் விழும், அங்கே குரல் கீழே இறங்கும், வாக்கியம் முடியும். பிறகு ஒரு சின்ன மௌனம். என் பக்கத்து மேசைக்காரர் எனக்காகக் கொடுத்த அந்த மௌனத்தில் நான் நன்றி சொல்லி வைத்தேன்.

நான்காம் படி: சொல்லையும் எழுத்தையும் சரிபாருங்கள்

சின்ன விஷயங்கள், ஆனால் நம்மவர்கள் வழுக்குவது இங்கேதான்.

பெயர்ச்சொல் 'பிரெத்'. வினைச்சொல் 'பிரீத்'. எழுதும்போது வினைக்கு மட்டும் கடைசியில் 'ஈ' எழுத்து வரும். இந்தத் தொடரில் வருவது பெயர்ச்சொல், ஆகவே 'ஈ' கிடையாது. அலுவலக சாட்டில் இந்த ஒரு எழுத்தைச் சேர்த்து எழுதுகிற ஆங்கிலேயர்களும் ஏராளம், அதைப் பார்த்துக் கற்காதீர்கள். சொல்லும்போது கடைசி ஒலிக்கு நாக்கு நுனி பல்லுக்கு இடையில் வந்து வெறும் காற்று மட்டும் போக வேண்டும். 'பிரெட்' என்று முடித்தால் ரொட்டியைப் பிடிக்காதே என்று ஆகிவிடும்.

யார் மூச்சு என்பது மாறும். நான் என்றால் 'மை', நீ என்றால் 'யுவர்', நாங்கள் என்றால் 'அவர்'. நாங்கள் பத்துப் பேர் இருந்தாலும் 'பிரெத்' ஒருமையில்தான் நிற்கும். எதற்காக என்று சொல்ல வேண்டுமானால் பின்னால் 'ஃபார்' போட்டு, 'ஐம் நாட் ஹோல்டிங் மை பிரெத் ஃபார் எ ரீஃபண்ட்' என்று முடிக்கலாம். இல்லாவிட்டால் 'வெயிட்டிங் ஃபார்' சேர்க்கலாம். இதற்குமேல் நீட்ட வேண்டாம். குட்டையாக இருந்தால்தான் குத்தும்.

ஐந்தாம் படி: யார் பக்கம் நிற்கிறீர்கள் என்று பாருங்கள்

இதுதான் முக்கியமான படி. இதைக் கற்றுக்கொண்டதும் அவமானப்பட்டுத்தான்.

தொடர் விளங்கிய பிறகு புது சைக்கிள் கிடைத்த பையன் மாதிரி தெருத்தெருவாக ஓட்டினேன். கேன்டீனில் சொன்னேன், ரயிலில் சொன்னேன். ஒருநாள் வாடிக்கையாளர் ஒருவர் போனில் கேட்டார்: "மாற்றுப் பாகம் அடுத்த வாரம் வந்துவிடும்தானே?" நாங்கள் அனுப்ப வேண்டிய பாகம் அது. நான் உற்சாகமாக, "ஐ வுடுன்ட் ஹோல்ட் யுவர் பிரெத்" என்றேன். மை, யுவர் குழப்பம் வேறு. மறுமுனையில் அமைதி. பிறகு, "உங்கள் மேலாளரிடம் பேசலாமா?" என்று கேட்டார்.

மேலாளர் அதிகம் திட்டவில்லை. அழைப்பை முடித்துவிட்டு வந்து, "அவர்களைப் பற்றி அதைச் சொல்லலாம். நம்மைப் பற்றி நாமே வாடிக்கையாளரிடம் சொல்லக் கூடாது" என்றார்.

அன்றுதான் தொடரின் சூத்திரம் பிடிபட்டது. காத்திருப்பவன், காக்க வைப்பவன் என்று இரண்டு பக்கம் உண்டு. இந்தத் தொடரைக் காத்திருப்பவன் பக்கம் நின்றுகொண்டுதான் சொல்ல வேண்டும். என் பக்கத்து மேசைக்காரர் என் பக்கம் நின்று ஏஜென்சியைப் பற்றிச் சொன்னார், அதனால் அது தோழமை. நான் காக்க வைப்பவன் பக்கம் நின்று காத்திருப்பவரிடமே சொன்னேன், அது திமிராகிவிட்டது. ரேஷன் கடை வரிசையில் பக்கத்தில் நிற்பவர் "இன்னிக்கு சர்க்கரை கிடைச்ச மாதிரிதான்" என்றால் சிரிக்கிறோம். அதையே கடைக்காரர் சொன்னால் சண்டைக்குப் போகிறோம். அதே கணக்கு.

சொல்பவரும் காக்க வைப்பவரும் ஒருவரே என்றால் ஒரு விதிவிலக்கு உண்டு. நண்பரிடம் தன்னைத்தானே கேலி செய்துகொள்வது. "மாடி அறைக்குப் பெயின்ட் அடிக்கப் போகிறேன், டோன்ட் ஹோல்ட் யுவர் பிரெத்." மேலதிகாரியிடம் அறிக்கை தருவதைப் பற்றி இப்படிச் சொல்லிப் பார்க்க வேண்டாம்.

இன்னொன்று. ஸ்கேன் முடிவுக்குக் காத்திருப்பவரிடம், விசாவுக்குக் காத்திருக்கும் குடும்பத்திடம், குழந்தைக்காக ஏங்குகிறவர்களிடம் இது கூடவே கூடாது. காத்திருப்பதில் எரிச்சல் மட்டும் இருக்கும் இடத்துக்குத்தான் இது சரி. பயமோ துக்கமோ இருந்தால் வாயை மூடிக்கொள்வது உத்தமம்.

முறையான மின்னஞ்சலிலும் வேண்டாம். அங்கே 'இட் மே டேக் சம் டைம்' என்று எழுதுங்கள், அவர்களுக்குப் புரியும்.

மின்னஞ்சல் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. 'ஐ ஆம் எக்ஸ்பெக்டிங் யுவர் ரிப்ளை' என்று எழுதுவதை விட்டுவிடுங்கள். நமக்கு அது 'பதிலை எதிர்பார்க்கிறேன்' என்ற பணிவு. அவர்களுக்கு அதிகாரி உத்தரவு போடுவது போல் கேட்கும். பின்னால் எதுவும் சேர்க்காமல் ஒரு பெண் 'ஐ ஆம் எக்ஸ்பெக்டிங்' என்று நிறுத்தினாலோ, அலுவலகமே வளைகாப்புக்குத் தயாராகிவிடும்.

ஆறாம் படி: இதன் உறவுக்காரர்களிடம் ஏமாறாதீர்கள்

'டோன்ட்' இல்லாமல் 'ஹோல்ட்' மட்டும் வந்தால் கிண்டல் போய்விடும். 'வி ஹெல்ட் அவர் பிரெத்' என்றால் உண்மையாகவே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். 2021 ஜூலை 11 அன்று வெம்ப்ளியில் ஐரோப்பியக் கால்பந்து இறுதிப் போட்டியில் இத்தாலியோடு பெனால்டி அடித்தபோது இங்கிலாந்து முழுக்க அப்படித்தான் இருந்தது, பிறகு தோற்றது. 1966இல் உலகக் கோப்பையை வென்ற அணி அது. அதற்குப் பிறகு அரை நூற்றாண்டுக்கு மேலாக ஒவ்வொரு போட்டிக்கு முன்பும் யாராவது "இந்தத் தடவை கப் நமக்குத்தான்" என்பதும், இன்னொருவர் கிளாஸிலிருந்து முகத்தை எடுக்காமல் "டோன்ட் ஹோல்ட் யுவர் பிரெத்" என்பதும் பப்புகளில் வாடிக்கை. ஒரே ரசிகர் போட்டிக்கு முன்னால் 'டோன்ட் ஹோல்ட் யுவர் பிரெத்' என்பார், பெனால்டி நேரத்தைப் பற்றி 'வி ஹெல்ட் அவர் பிரெத்' என்பார். இரண்டும் பொய்யில்லை.

'சேவ் யுவர் பிரெத்' வேறு ஆள். பேசி வீணாக்காதே, அவன் காதில் ஏறாது என்று பொருள். செவிடன் காதில் ஊதிய சங்கு. காத்திருப்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

'வித் பேட்டட் பிரெத்' கொஞ்சம் பழைய ஆள். ஆவலோடு காத்திருக்கிறேன் என்று பொருள். கிண்டலாகவும் வரும். இந்த 'பேட்டட்' என்பது குறைத்த, தணித்த என்று பொருள்படும் பழஞ்சொல். நடுவில் 'ஐ' எழுத்தைச் சேர்த்து எழுதினால் தூண்டிலில் இரை மாட்டிய மூச்சாகிவிடும். ஷேக்ஸ்பியரின் வெனிஸ் வணிகன் நாடகத்தில் இது வரும் இடம் சுவையானது. தன்மேல் துப்பிய அன்டோனியோ கடன் கேட்டு வந்து நிற்கும்போது, உங்கள் முன்னால் குனிந்து, மூச்சைத் தணித்து, பணிந்த குரலில் கிசுகிசுக்க வேண்டுமா நான் என்று ஷைலாக் கேட்கிறான். அங்கே எதிர்பார்ப்பே இல்லை. நம் ஊர் 'கைகட்டி வாய்பொத்தி' தான் அது. இன்றைக்கு ஆவலாக மாறிவிட்டது.

ஏழாம் படி: அவநம்பிக்கையின் ஏணியில் சரியான படியில் நில்லுங்கள்

நடக்கும், ஆனால் உறுதியில்லை என்றால் 'ஃபிங்கர்ஸ் கிராஸ்டு'. ரொம்ப ஆசை வைக்காதே என்று அன்பாகச் சொல்ல 'டோன்ட் கெட் யுவர் ஹோப்ஸ் அப்'. மேலே நான் கூடாது என்ற இடங்களில் ஏதாவது சொல்லியே ஆக வேண்டுமானால், அதுவும் நெருங்கியவர் என்றால், இதைச் சொல்லலாம். மூச்சு அதற்கும் ஒரு படி மேல். உச்சியில் 'பிக்ஸ் மைட் ஃப்ளை': பன்றி பறந்தாலும் பறக்கும். அத்தைக்கு மீசை முளைத்தால் சித்தப்பா என்பதற்குப் பக்கத்து வீடு.

பள்ளியில் படித்த கோழிக்குஞ்சுத் தொடரை இதோடு குழப்புகிறவர்கள் உண்டு. முட்டை பொரிக்கும் முன் குஞ்சை எண்ணாதே என்பது, வந்துவிட்டதாகவே நினைத்துக் கணக்குப் போடத் தொடங்கியவனுக்கு. எருமை வாங்கும் முன் நெய்க்கு விலை பேசுகிறவன் அவன். தாமஸ் ஹாவெல் என்பவர் 1570இலேயே அதைச் செய்யுளில் எழுதிவிட்டார். மாவுப் பானையைத் தொங்கவிட்டுக்கொண்டு ஆடு, மாடு, கல்யாணம், பிள்ளை என்று மனக்கோட்டை கட்டி, கடைசியில் பானையை உதைத்து உடைக்கும் பஞ்சதந்திரக் கதையும் அந்த ஜாதிதான். ஐரோப்பாவின் பால்காரியும் பால்குடமும் கதைக்கு மூலம் இதுதான் என்று மொழியறிஞர் மாக்ஸ் முல்லர் 1870இல் எழுதினார். மூச்சுக்காரன் கணக்கே போடவில்லை. அவன் வெறுமனே காத்திருக்கிறான். அவனை எழுப்பி வீட்டுக்குப் போகச் சொல்வதுதான் இந்தத் தொடர்.

இதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று மொழிபெயர்க்கிற சிநேகிதி ஒருத்தி கேட்டாள். 'இலவு காத்த கிளி' என்று போடலாமா என்றாள். கிளி பாவம், காத்து முடித்து, பஞ்சு பறந்த பிறகு கிடைத்த பெயர் அது. ஆங்கிலத் தொடர் காய் பழுக்கும் முன்பே கிளியிடம் சொல்வது. ஆகவே "அதை நம்பி உக்காந்திருக்காதே", "அவனை நம்பி உலை வைக்காதே", கொஞ்சம் காரமாக "வந்தா பாத்துக்கலாம் போ" என்பவை கிட்டத்தில் வரும். மூச்சை மட்டும் தமிழுக்குக் கொண்டுவராதீர்கள்.

எட்டாம் படி: அன்றாடச் செய்தியில் தேடுங்கள்

பயிற்சிக்குப் பாடப்புத்தகம் தேவையில்லை. இந்த ஊரில் எதையாவது கட்டுகிறார்கள் என்றால் போதும். லண்டனின் எலிசபெத் லைன் ரயில் நடுப்பகுதி 2018 டிசம்பரில் திறக்கும் என்றார்கள். திறந்தது 2022 மே 24. ஹீத்ரோ விமான நிலையத்தின் மூன்றாவது ஓடுபாதைக்கு 2009இல் அரசு ஒப்புதல் தந்தது, 2010இல் வந்த அடுத்த அரசு அதைக் கைவிட்டது. 2018இல் நாடாளுமன்றம் ஆதரித்து வாக்களித்தது. 2020 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தடுத்தது, டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. 2025 ஜனவரியில் அரசு மறுபடி ஆதரவு தெரிவித்தது. இப்படி ஒரு செய்தியை வாசித்ததும் அலுவலகத்தில் யாரிடமாவது, "ஓடுபாதை வருகிறதாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காத்திருங்கள். மூன்று வடிவங்களில் ஏதாவது ஒன்று அநேகமாக வரும்.

ஒன்பதாம் படி: உங்களிடம் சொன்னால் என்ன செய்வது

நன்றி சொல்லாதீர்கள். விளங்கிவிட்டது என்று காட்ட 'தாட் ஆஸ் மச்' போதும், நானும் அப்படித்தான் நினைத்தேன் என்று பொருள். அதோடு நிறுத்தாமல் அடுத்த கேள்வியைக் கேளுங்கள்: 'ரியலிஸ்டிக்கலி, ஹவ் லாங்?' உள்ளபடி எவ்வளவு நாள் ஆகும்? கிண்டலாகப் பேசியவர் உடனே அனுபவஸ்தராக மாறிவிடுவார். பிறகு, 'ஹூ ஷுட் ஐ சேஸ்?' யாரைத் துரத்த வேண்டும்? இங்கே 'சேஸ்' என்றால் விடாமல் போன் போட்டு, மெயில் போட்டு நச்சரிப்பது. கெட்ட வார்த்தை கிடையாது, அலுவலக வேலைகளில் பாதி அதுதான்.

அடுத்த ஜனவரியில் பாய்லர் மறுபடி நின்றது. ஏஜென்சி வெள்ளிக்கிழமை என்றது. டீ போடும் இடத்தில் அவரிடம், "தே செட் ஃப்ரைடே. ஐம் நாட் ஹோல்டிங் மை பிரெத்" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு பிஸ்கட் டப்பாவை என் பக்கம் தள்ளினார். யாரைத் துரத்த வேண்டும் என்று கேட்டேன். போனை விடு, எழுத்தில் அனுப்பு, 1985ஆம் ஆண்டு வீட்டுக்காரர் குடித்தனக்காரர் சட்டத்தின் 11ஆம் பிரிவைக் குறிப்பிடு, வெந்நீரும் சூடும் தரும் கருவிகளைப் பழுதில்லாமல் வைப்பது வீட்டுக்காரர் பொறுப்பு என்று அதில் இருக்கிறது, அசையாவிட்டால் கவுன்சிலில் புகார் கொடுப்பேன் என்றும் ஒரு வரி சேர் என்றார். டீப்பையை அழுத்திக்கொண்டே சொன்னார். அன்று மதியமே மெயில் அனுப்பினேன்.

வியாழக்கிழமை காலை ஏழரைக்குக் கதவைத் தட்டினார்கள். நான் பழைய வாளியோடு குளியலறையில், இரண்டாவது கெட்டில் கொதிப்பதற்காக நின்றுகொண்டிருந்தேன்.